சைரன் சத்தம் போடாத நாள்

பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது என் ஜெராக்ஸ் கடை. மாணவர் பேரவைத் தேர்தல் வந்துவிட்டால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. எல்லா வேட்பாளர்களின் நோட்டீசும் என் மெஷினுக்குள் புகுந்துதான் வெளியே வரவேண்டும். ஒருத்தன் அடுத்தவனைத் திட்டி அடித்த நோட்டீஸ் சூடு ஆறுவதற்குள், அந்த அடுத்தவன் இவனைத் திட்டி எழுதிக்கொண்டு வந்து நிற்பான். யார் ஜெயிப்பார்கள் அக்கா என்று என்னிடமே கேட்பார்கள். எவன் ஜெயித்தாலும் மறுநாளிலிருந்து என் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான் என்பேன். அப்படி ஜெயித்த பிறகும் இத்தனை வருஷமாக வந்துபோகிறவள் ஒருத்திதான். ஜெயித்ததை நினைத்து வருத்தப்படுகிறவளும் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

அவளுக்கு சைரன் என்று பெயர் வைத்தது என் கடையில்தான். சேர்ந்த புதிதில் ஒருநாள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் ஒருவன் நைசாக நுழையப் பார்த்தான். "வரிசை எங்க இருக்குன்னு கண்ணு தெரியலையா?" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், சாலைக்கு அந்தப் பக்கம் காவலாளி பதறிப்போய் கேட்டைத் திறந்துவிட்டார். அதே நொடியில் கரண்டும் போனது. அவள் சத்தத்தில்தான் போனது என்று பையன்கள் அடித்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் சைரன். அப்பா ஒரு மில்லில் காவல் வேலை, அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் தனக்கு இந்தக் குரல் வந்தது என்பாள்.

சைரன் என்றால் கூடவே கோந்தையும் சொல்லியாகவேண்டும். விடுதியில் சைரனுடன் ஒரே அறை, ஒரே வகுப்பு, வருகைப் பதிவில் அடுத்தடுத்த எண். போஸ்டர் ஒட்டுகிற பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சைரன் போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போனதால் அவளுக்கு அந்தப் பெயர். மெலிந்த பெண், பேச்சும் அப்படியே. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனாலும் கூட்டங்களில் யாராவது எடக்குமடக்காகக் கேள்வி கேட்டால் முதலில் எழுந்து நிற்பது கோந்துதான். அவள் வாயைத் திறப்பதற்குள் சைரன், "நீ உட்காரு, நான் பேசிக்கிறேன்" என்று ஆரம்பித்துவிடுவாள்.

இதை எத்தனையோ தடவை பார்த்து எனக்கே எரிச்சலாக வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன்டி, எப்பப் பாத்தாலும் அவளை உட்காரு உட்காருன்னு அடக்கற? ஒருநாளாவது அவளைத்தான் பேச விடேன்."

சைரன் திருதிருவென்று விழித்தாள். பதில் சொன்னது கோந்துதான். "விடுங்கக்கா. எனக்கெங்க பேச வருது? அவ உட்காருன்னு சொல்லுவான்னு தெரிஞ்சுதான் நான் எந்திரிக்கறதே. நான் எந்திரிச்சாத்தான் அவளுக்கு ஸ்விட்ச் போட்ட மாதிரி."

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. இதுகளுக்கு நடுவில் நான் ஏன் மூக்கை நுழைத்தேன் என்று ஆகிவிட்டது.

சைரன் தேர்தலில் நின்றது பதவி ஆசையில் அல்ல, ஆரம்பத்தில் அல்ல என்றாவது சொல்லலாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருகிறவன், கிடங்கில் பார்சல் கட்டிவிட்டு வருகிறவள், இவர்களெல்லாம் முதல் வகுப்புக்கு மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் பதிவு முடிந்துவிடும். வருஷக் கடைசியில் பரீட்சை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒவ்வொருவருக்காகவும் அலுவலகத்தின் முன்னால் போய் நின்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் சைரன். சிலருக்கு அனுமதி வாங்கியும் கொடுத்தாள். ஆனால் விதியையே மாற்ற வேண்டுமென்றால் அது ஆட்சிக்குழுவில்தான் முடியும். அங்கே மாணவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி. பேரவைத் தலைவருக்கு உரிய நாற்காலி அது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

சரி, ஊர்ப் பிள்ளைகளின் வருகைப் பதிவுக்காக வகுப்புக்கே போகாமல் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளின் வருகைப் பதிவு என்ன ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சைரன் பேச்சை மாற்றப் பார்த்தாள். கோந்துதான் என் கடையிலேயே நடித்துக் காட்டினாள். புள்ளியியல் சார் குனிந்த தலை நிமிராமல் எண்களைக் கூப்பிடுவாராம். தன் எண் வந்ததும் கோந்து யாருக்கும் கேட்காதபடி முணுமுணுப்பாள். அடுத்து சைரனின் எண் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, அச்சு அசல் சைரன் குரலில், கணீரென்று, "யெஸ் சார்!"

நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். தனக்கென்று வராத குரல் அடுத்தவளுக்கென்றால் மட்டும் எப்படித்தான் வந்ததோ.

"சிரிக்கறேன்னு நினைச்சுக்காதே. மாட்டினா ரெண்டு பேருக்கும் அந்த வருஷம் பரீட்சை கிடையாதாமே" என்றேன்.

"ஜெயிச்சதும் விதிய மாத்திடுவோம்க்கா. அப்புறம் யாருக்கும் ப்ராக்சியே தேவைப்படாது" என்றாள் சைரன்.

"எல்லாருக்காகவும் அலையறவளுக்கு இதுகூட நான் செய்யலைன்னா எப்படிக்கா?" என்றாள் கோந்து.

கோந்துவின் நிலைமை எனக்குத் தெரியும். அப்பா அம்மா இல்லை. டயர் கடை வைத்திருந்த அண்ணன்தான் படிக்க வைத்தான். வீட்டில் அண்ணி இரட்டைக் குழந்தைகளோடு திண்டாடிக்கொண்டிருந்தாள். நன்றாகப் படிக்கிற வரைக்கும் படி, ஒரு வருஷம் போனாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அண்ணன் அனுப்பியிருந்தான். அதனால் சைரனுக்குப் பரீட்சை போனால் ஒரு வருஷம் போகும், கோந்துவுக்குப் போனால் படிப்பே போகும். இது எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்த விஷயம்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் நூலகப் படிக்கட்டில் வேட்பாளர்கள் எல்லோரும் பேச வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அந்த வருஷம் தேர்தல் அதிகாரி புள்ளியியல் சார். மேஜையில் ஒரு மணியை வைத்துக்கொண்டு, நேரம் முடிந்தால் அடிப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். கடைசி நோட்டீஸ் கட்டைக் கொடுக்கப் போன நான், கடை கிடக்கட்டும் என்று அங்கேயே ஒரு தூணோரம் நின்றுவிட்டேன்.

முதலில் கூலிங் கிளாஸ் பேசினான். சைரனை எதிர்த்து நின்ற பையன், வெயில் இருக்கிறதோ இல்லையோ கண்ணாடியைக் கழற்ற மாட்டான். கேன்டீனுக்கு ஏசி, மைதானத்துக்குப் புல்தரை என்று அள்ளிவிட்டுப் போனான். அடுத்து சைரன் வந்தாள். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். பால் பாக்கெட் போடுகிறவனையும் பார்சல் கட்டுகிறவளையும் அவள் சொல்லச் சொல்ல, பின் வரிசையில் அந்தப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கையில் பசை காய்ந்துபோய், முதல் வரிசை ஓரத்தில் வாளியோடு உட்கார்ந்திருந்த கோந்துவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேசுவது தானேதான் என்கிற மாதிரி ஒரு பூரிப்பு.

அதோடு முடித்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். கைதட்டல் அவளை இன்னொரு படி மேலே தூக்கிவிட்டது.

"இந்த வருஷம் பூரா, தினமும் காலைல பத்து மணிக்கு, நான் ஆபீஸ் படிக்கட்டுலதான் உட்கார்ந்திருந்தேன்! மழை பெஞ்சப்பவும் எந்திரிக்கல! ஒருநாள்கூட நான் அங்க இல்லாம இருந்ததில்ல!"

விசில் பறந்தது. புள்ளியியல் சார் மணியை அடிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, குதர்க்கம் பேசுகிறவரும் இல்லை. அவருக்கு உண்மையாகவே குழப்பம் வந்துவிட்டது.

"ஒரு சந்தேகம்மா. பத்து மணிக்கு என் கிளாஸாச்சே? அதுல நீ ஒருநாள்கூட வராம இருந்ததில்லையே. உன் குரல்தான் எல்லாரையும்விட நல்லா கேக்கும்."

முதலில் கூட்டம் சிரித்தது. வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு விஷயம் புரிந்ததும் சிரிப்பு அப்படியே அடங்கியது. "ப்ராக்சி!" என்று கூலிங் கிளாஸ் கத்தினான். அன்றைக்குத்தான் அவன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்.

சார் கையை உயர்த்தி அமைதியாக்கினார். "இங்க பாரும்மா. உனக்குத் தெரிஞ்சே இது நடந்திருந்தா உன் மனு இப்பவே ரத்து. பரீட்சையும் எழுத முடியாது. உனக்குத் தெரியாம வேற யாராவது குரல் கொடுத்திருந்தா, தப்பு அவங்களோடது மட்டும்தான். எதுன்னு நீயே சொல்லு."

சைரனின் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறந்தாள். அவள் சொல்ல வந்தது என்ன என்பது அவளுக்கே தெரியாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அதற்குள் முதல் வரிசையில் கோந்து எழுந்துவிட்டாள்.

"நான்தான் சார் குரல் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாது."

நாலு பேர் முன்னால் பேச வராதவள் நானூறு பேர் முன்னால் தெளிவாகச் சொன்னாள். நான் சைரனைப் பார்த்தேன். வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"உனக்குத் தெரியாதாம்மா?" என்று சார் மறுபடியும் கேட்டார்.

சைரன் தலையைக் குனிந்துகொண்டு தெரியாது என்று ஆட்டினாள். ஊரையே எழுப்புகிற தொண்டையிலிருந்து அன்றைக்கு ஒரு முனகல்கூட வரவில்லை. சார் பெருமூச்சு விட்டு கோந்துவின் எண்ணைக் குறித்துக்கொண்டார். அடுத்த வேட்பாளரைக் கூப்பிட்டார். அவர் பேச ஆரம்பித்த பிறகும் கோந்து உட்காரவில்லை. சைரனைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். அதிர்ச்சியில் நிற்கிறாள் என்று நான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

மறுநாள் சைரன் அமோகமாக ஜெயித்தாள். தோளில் தூக்கிக்கொண்டு என் கடை வழியாகத்தான் ஊர்வலம் போனார்கள். நான் வேலை இருக்கிற மாதிரி மெஷினைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவள் தனியாக வந்தாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"திட்டுங்கக்கா" என்றாள்.

"திட்டறதுக்கு என்ன இருக்கு? ஜெயிச்சுட்ட, போய் வேலையைப் பாரு."

"ஆட்சிக்குழு கூடட்டும்க்கா. விதி மாறினதும் நானே போய் உண்மையச் சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி சொன்னா நாற்காலி போயிடும், இத்தனை பேர் பரீட்சையும் போயிடும். அவளும் அதையேதான் சொல்றா."

கோந்து அப்படிச் சொல்லியிருப்பாள். அவள் வேறு என்ன சொல்வாள்? அவள் சொன்னதை இவள் கேட்டுக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆட்சிக்குழு கூடிய அன்று காலையில் ஒருவர் கடைக்கு வந்தார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு மை மாதிரி டயர் அழுக்கு. சான்றிதழ்களை அழுக்குப் படாமல் விரல்நுனியால் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றிலும் ஒரு நகல் கேட்டார். சான்றிதழில் இருந்த படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, கோந்துவின் அண்ணன்.

"இங்க பேரவைத் தலைவர்னு யாரோ இருக்காங்களாமேம்மா? என் தங்கச்சியோட சிநேகிதியாம். அவங்க ஒரு வார்த்தை சொன்னா தங்கச்சியைப் பரீட்சை எழுத விடுவாங்களோ என்னவோ. கேட்டுப் பாருன்னா, வேணாம்ங்குது. ஏன் வேணாம்னும் சொல்ல மாட்டேங்குது. படிக்கற பொண்ணும்மா அது. எனக்குத்தான் மனசு கேக்கல."

கடையை அப்படியே போட்டுவிட்டு சைரனைத் தேடி அலுவலகத்துக்கு ஓடினேன். உள்ளே கூட்டம் நடக்கிறது, யாரையும் கூப்பிட முடியாது என்று பியூன் வழிமறித்தார். சாத்தியிருந்த கதவைத் தாண்டி சைரனின் குரல் கேட்டது. வேலை செய்து படிக்கிற பிள்ளைகளுக்காக அன்றைக்கு அவள் உயிரைக் கொடுத்துப் பேசினாள். குறை சொல்ல முடியாத பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே நின்றேனே, அப்போது எனக்கு வந்த கோபமும் அழுகையும் இன்னும் அடங்கவில்லை.

விதி மாறியது, அடுத்த கல்வியாண்டிலிருந்து. சைரன் அந்தச் செய்தியோடு விடுதி அறைக்கு ஓடியபோது ஒரு கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, தன் பாதி அறையைப் பெருக்கியும் வைத்துவிட்டுப் போயிருந்தாள் கோந்து. பசை வாளி மட்டும் என் கடையில் கிடந்தது.

மறுநாளே சைரன் புள்ளியியல் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "இப்ப வந்து சொல்றியேம்மா. பரீட்சை லிஸ்டுல அந்தப் பொண்ணு பேரை அடிச்சு, பரீட்சையும் ஆரம்பிச்சாச்சு. அன்னிக்கு அங்கேயே சொல்லியிருந்தா, ரெண்டு பேருக்குமா நானே போய் கெஞ்சியிருப்பேன்" என்றாராம். சைரன் பதவியை விட்டாள். கூலிங் கிளாஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த வருஷப் பரீட்சையை அவளும் எழுதவில்லை. அடுத்த வருஷம் எழுதினாள். அவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தது.

கோந்துவின் அண்ணன் போனுக்கு இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அண்ணிதான் எடுப்பாள். "குழந்தைங்களைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்பாள். அந்த அப்புறம் வரவேயில்லை. சைரனும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது அவள் பின் தெருவில் இருக்கிற தனியார் கல்லூரியில் ஆசிரியை. கேள்வித்தாள் நகலெடுக்க என்னிடம்தான் வருவாள். அவளிடம் படிக்கிற பிள்ளைகளும் என்னிடம்தான் வரும், அவளுக்கு அதுகள் வைத்திருக்கிற பெயர் 'மியூட் மேடம்'. கடைசி பெஞ்சுக்குக் குரலே எட்டாதாம். இந்த அம்மாள் கத்தி ஒருகாலத்தில் கரண்டே போனது என்று சொன்னேன். நம்ப மாட்டோம் என்று சிரித்தன. எண்ணைக் கூப்பிட்டால் ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அடுத்த எண்ணுக்குப் போவாளாம். பாதி வகுப்பு அதிலேயே போகிறது என்று அதுகளுக்குக் குறை.

போன மாதம் வந்தபோது ஆள் சரியாக இல்லை. கேள்வித்தாளை மெஷினில் வைத்துவிட்டு என்னவென்று கேட்டேன்.

அம்மாவின் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தையல் வேலையில் கண் மங்கிவிட்டது. கூட்டம் நெரிகிற இடம், டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. கணீரென்று எண்களைக் கூப்பிடுகிற அந்தக் குரல் இவளுடைய குரல். இவளிடமே இப்போது இல்லாத குரல்.

"போய் நின்னேன்க்கா. என்னைப் பாத்ததும் சிரிச்சா. அம்மா எப்படி இருக்காங்கன்னு முதல்ல கேட்டா. வரிசை பாக்காம அம்மாவை உள்ள அனுப்பட்டுமான்னா. நான் வேணாம்னேன். வரிசைன்னா நீ விட மாட்டியேன்னு அதுக்கும் சிரிச்சா."

"கல்யாணம் காட்சின்னு...?"

"கேக்கலக்கா. கேக்க வாய் வரல. மன்னிச்சிடுன்னு மட்டும் சொன்னேன். நாற்காலி மேல எனக்கு ஆசை இருந்துச்சுடி, எல்லாருக்காகவும்னு சொன்னது பாதிதான் உண்மைன்னு சொன்னேன். அதெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும்டின்னா."

மெஷின் கடைசித் தாளைத் தள்ளிவிட்டு நின்றது.

"அப்புறம்?"

சைரன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"'நான் எந்திரிச்சதும் நீ வழக்கம்போல உட்காருன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்டி'ன்னா. 'அதான் அவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருந்தேன்'ன்னா. கோவமா சொல்லலக்கா. சும்மா பழைய கதை பேசற மாதிரி சொன்னா. அதுக்குள்ள டாக்டர் மணி அடிச்சாரு. அடுத்த நம்பரைக் கூப்பிடப் போயிட்டா."

நான் தாள்களைத் தட்டி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டேன். அழுகிற பெண் கடைக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வது என் வழக்கம். அன்றைக்கு அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அவள் நின்றபடியே தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.